உருளைக்குப் பின்னால் ஓடும் நீரைச் சில உணரிகளைக் கொண்டு மதிப்பிடுவது எப்படி

ஓடும் நீரில் ஒரு கழியை நட்டால், அதன் பின்னால் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என மாறி மாறிச் சுழல்கள் பிரிந்து நீரோடு நகர்ந்து செல்வதைக் காணலாம். கார்மான் சுழல் வரிசை என்று பெயர் பெற்ற இந்தப் பாய்வில், கழிக்குப் பின்னுள்ள ஒவ்வொரு புள்ளியிலும் நீரின் வேகமும் திசையும் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம் முழுவதையும் அறிய விரும்பும் ஒருவரிடம் இரண்டு அல்லது மூன்று உணரிகள் மட்டுமே இருந்தால் அவர் என்ன செய்யலாம் என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது. நேரியல் இயற்கணிதத்தில் அணிகளைப் பெருக்கவும் மீச்சிறு வர்க்க முறையைப் பயன்படுத்தவும் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உணரிகள் தரும் மூன்று எண்களிலிருந்து, பாய்வு முழுவதையும் விவரிக்கும் இரண்டு லட்சம் எண்களை வருவிக்க எந்தக் கணிதத்தாலும் இயலாது. இடைவெளியை நிரப்புவது, அந்தப் பாய்வைப் பற்றி நாம் முன்கூட்டியே திரட்டி வைத்திருக்கும் எளிய மாதிரி. ‘இந்தப் பாய்வு இன்னின்ன வடிவங்களில் மட்டுமே அமையக்கூடும்’ என்று மாதிரி ஒரு குறுகிய வட்டத்தை வரைகிறது. அந்த வட்டத்துக்குள் இந்தக் கணத்தில் நிகழ்வது எது என்பதை உணரிகள் சுட்டுகின்றன. ஆகவே, மாதிரியில் இடம்பெறாத வடிவத்தை எத்தனை உணரிகளை வைத்தாலும் மதிப்பீட்டில் காண முடியாது. மாதிரியில் இடம்பெற்றிருந்தாலும், உணரிகளின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் இரண்டு வடிவங்களை எவ்வளவு நுட்பமான கணக்கும் பிரித்துத் தராது. பின்வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டு வரம்புகளிலிருந்து பிறப்பவையே.

பாய்வைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முறை முயல்பவர்கள் 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையை எடுத்துக்கொண்டு, அதை நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நீரில் செங்குத்தாக நிறுத்துவது நல்லது. 20 பாகை செல்சியஸில் நீரின் இயக்கவியல் பாகுநிலை நொடிக்கு ஏறத்தாழ 1 சதுர மில்லிமீட்டர் என்பதால், வேகத்தை விட்டத்தால் பெருக்கிப் பாகுநிலையால் வகுக்கும்போது ரெனால்ட்ஸ் எண் 100 என்று கிடைக்கும். இந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 47-ஐத் தாண்டிய பிறகே சுழல்கள் பிரியத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 190-ஐ நெருங்கும்போது உருளையின் நீளவாக்கிலும் பாய்வு மாறுபடத் தொடங்கி முப்பரிமாணமாகிவிடுகிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே பாய்வு இருபரிமாணமாகவும் கடிகாரம்போல் திரும்பத் திரும்ப நிகழ்வதாகவும் இருப்பதால், எளிய மாதிரிக்குள் அது நன்றாக அடங்கும்.

அடுத்து, சுழல்கள் பிரியும் வேகத்தைக் கணிக்க வேண்டும். அதற்கு உதவுவது ஸ்ட்ரூஹால் எண்: சுழல்கள் பிரியும் அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கி நீரின் வேகத்தால் வகுத்தால் வருவது. அனடோல் ரோஷ்கோ 1954-இல் அளவீடுகளிலிருந்து தந்த வாய்பாட்டின்படி, ரெனால்ட்ஸ் எண் 50-க்கும் 150-க்கும் இடைப்பட்டிருக்கும்போது ஸ்ட்ரூஹால் எண்ணைப் பெற, 21.2-ஐ ரெனால்ட்ஸ் எண்ணால் வகுத்து, அதை 1-இலிருந்து கழித்து, எஞ்சுவதை 0.212-ஆல் பெருக்க வேண்டும். ரெனால்ட்ஸ் எண் 100-க்கு அது 0.167 ஆகிறது. நமது உருளைக்கு இதன் பொருள், இடச் சுழல் ஒன்றும் வலச் சுழல் ஒன்றும் பிரியும் ஒரு முழுச் சுற்று 6 நொடிகளில் நிறைவடைகிறது என்பதே. 0.2 நொடிக்கு ஒருமுறை அளந்தால் ஒரு சுற்றுக்கு 30 அளவுகள் கிடைக்கும். இது தாராளமாகப் போதும்.

எந்த அளவை அளப்பது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். உருளையின் பரப்பில் அழுத்தமானிகளைப் பதிப்பதே பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். நீரின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள்: வருவது 0.05 பாஸ்கல். அது 5 மைக்ரோமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் எடைக்கு நிகரானது. நீர்ப்பரப்பின் சிற்றலைகளும் தொட்டியின் அதிர்வுமே அதை எளிதில் மூழ்கடித்துவிடும். ஆகவே இந்தச் சோதனையில் திசைவேகத்தையே அளக்க வேண்டும். நீரில் நுண்துகள்களைக் கலந்து, ஒளித்தகட்டால் வெளிச்சமிட்டு, ஒளிப்படக் கருவியின் பார்வையில் இரண்டு மூன்று சிறு சதுரங்களை மட்டும் உணரிகளாகக் கொள்ளலாம்; லேசர் ஒளியால் ஒரு புள்ளியில் திசைவேகத்தை அளக்கும் லேசர் டாப்ளர் கருவி கிடைத்தால் அது இன்னும் நல்லது. இதே உருளையைக் காற்றுச் சுரங்கத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வைத்தால் அந்த அழுத்தம் 60 பாஸ்கலாக உயரும், அழுத்தமானிகள் அங்கே நன்றாகவே உழைக்கும். ஆனால் ரெனால்ட்ஸ் எண்ணும் 6,000-ஐத் தாண்டிவிடுவதால், உருளைக்குப் பின்னால் கொந்தளிப்பு மிகுந்து பாய்வே வேறொன்றாகிவிடும்.

கணப்படங்களும் பாங்குகளும்

மாதிரியை உருவாக்க, முழுப் பாய்வையும் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். பாய்வின் இயக்கத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்தோ, துகள் படங்களிலிருந்து முழுத் திசைவேகப் புலத்தையும் அளந்தோ, 0.2 நொடி இடைவெளியில் கணப்படங்களை, அதாவது அந்தந்தக் கணத்தின் முழுத் திசைவேகப் புலங்களை, சேகரிக்க வேண்டும். கணினித் தீர்வாக இருந்தால், தொடக்கத் தடுமாற்றம் அடங்கிச் சுற்றுகள் ஒன்றுபோல் ஆன பிறகே சேகரிப்பைத் தொடங்க வேண்டும். பத்துச் சுற்றுகளுக்கு 300 கணப்படங்கள் கிடைக்கும். சுற்றுகளின் எண்ணிக்கை முழு எண்ணாக இருக்கட்டும். பத்தே கால் சுற்றுகளை எடுத்துச் சராசரி கண்டால், அந்தக் கால் சுற்றின் சாயல் சராசரிப் பாய்வில் கலந்து, பின்னர் வரும் எல்லாக் கணக்குகளிலும் சிறு சாய்வாக ஒட்டிக்கொள்ளும்.

கணப்படங்களின் சராசரியை ஒவ்வொரு கணப்படத்திலிருந்தும் கழித்தால் எஞ்சுவது ஏற்ற இறக்கம். ஒரு லட்சம் புள்ளிகளில் இரண்டு திசைவேகக் கூறுகள் வீதம், ஒவ்வொரு கணப்படமும் இரண்டு லட்சம் எண்களைக் கொண்ட ஒரு நீண்ட நிரல். இத்தகைய 300 நிரல்களையும் இயன்றவரை குறைந்த எண்ணிக்கையிலான அடிப்படை வடிவங்களின் கூட்டாக எழுதுவதே அடுத்த பணி. அந்த வடிவங்களை இங்கே பாங்குகள் என்று அழைப்போம். ஜான் லம்லி 1967-இல் கொந்தளிப்பு ஆய்வுக்குக் கொண்டுவந்த செங்குத்துப் பகுப்பு முறை, ஏற்ற இறக்கத்தின் ஆற்றலை மிகுதியாகத் தாங்கும் பாங்கை முதலிலும், எஞ்சியதில் மிகுதியைத் தாங்குவதை அடுத்தும் என வரிசையாகத் தருகிறது. இரண்டு லட்சம் வரிசைகள் கொண்ட அணியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. லாரன்ஸ் சிரோவிச் 1987-இல் காட்டிய வழியில், கணப்படங்களுக்கிடையேயான உட்பெருக்கங்களை மட்டும் கணக்கிட்டால் 300-க்கு 300 என்ற சிறு அணியே கிடைக்கும். அதன் ஐகென் திசையன்களிலிருந்து பாங்குகளை நேரடியாகக் கட்டிவிடலாம். சாதாரண மடிக்கணினிக்கு இது சில நொடி வேலை.

இந்த உட்பெருக்கத்தைக் கணக்கிடும்போது ஒரு தவறு மிகப் பரவலாக நேர்கிறது. கணினித் தீர்வின் வலைக்கண்கள் உருளைக்கு அருகே நெருக்கமாகவும் தொலைவில் அகலமாகவும் இருப்பது வழக்கம். எல்லாப் புள்ளிகளையும் ஒரே எடையோடு கூட்டினால், வலைக்கண்கள் மிகுந்த இடத்தின் சிறு அசைவுகூடப் பெரிதாகத் தோன்றி, பாங்குகள் உருளையைச் சுற்றியே குவிந்துவிடும். ஒவ்வொரு புள்ளியையும் அதன் வலைக்கண் பரப்பளவால் பெருக்கிக் கூட்டினால்தான் உண்மையான இயக்க ஆற்றலுக்கேற்ற பாங்குகள் வரும்.

ரெனால்ட்ஸ் எண் 100-இல் முதல் இரண்டு பாங்குகளே ஏற்ற இறக்க ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைத் தாங்குகின்றன; எட்டுப் பாங்குகளைச் சேர்த்தால் அது 99.9 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. முதல் இரண்டும் ஒரே வடிவத்தின் இரண்டு நிலைகள் போன்றவை. ஒன்றைக் கால் அலைநீளம் நகர்த்தினால் மற்றொன்று வரும். நகர்ந்து செல்லும் அலையை நகராத வடிவங்களால் எழுத இரண்டு வடிவங்கள் தேவைப்படுவதே இதற்குக் காரணம். மூன்றாவதும் நான்காவதும் இரு மடங்கு அதிர்வெண்ணில் துடிக்கும் இன்னொரு இணை. இரண்டு லட்சம் அறியா எண்கள், இரண்டு பாங்குகளின் கெழுக்களாகிய இரண்டே அறியா எண்களாகச் சுருங்கிவிட்டன. சில உணரிகளைக் கொண்டு மதிப்பிடலாம் என்ற துணிவுக்கு அடிப்படை இதுதான்.

இம்முறையில் எனக்கு மிகவும் பிடித்த பண்பு ஒன்று உண்டு. அடர்த்தி மாறாத நீரில் எந்தச் சிறு பகுதிக்குள் எவ்வளவு நீர் நுழைகிறதோ அவ்வளவும் வெளியேற வேண்டும். கணப்படங்கள் ஒவ்வொன்றும் இந்த விதிக்கு உட்பட்டவை என்றால், அவற்றின் நேரியல் கூட்டாகப் பிறக்கும் பாங்குகளும், அப்பாங்குகளின் எந்தக் கூட்டும் அதே விதிக்குத் தாமாகவே உட்படும். உருளையின் பரப்பில் நீர் ஒட்டி நிற்கும் நிபந்தனையும் அவ்வாறே காக்கப்படும். உணரிகள் தவறான எண்களைத் தந்தாலும், மதிப்பீடு தவறான கணத்தைக் காட்டுமே தவிர, நீர் எங்கிருந்தோ தோன்றி மறையும் பாய்வைக் காட்டாது. நரம்பணி வலையமைப்பைப் பயிற்றுவித்து இதே பணியைச் செய்விப்பவர்கள், இந்த நிபந்தனைகளைத் தனியே புகுத்தாவிட்டால் இந்தக் காப்பை இழந்துவிடுகிறார்கள்.

உணரிகளை எங்கே வைப்பது

மதிப்பீட்டின் தரத்தைக் கணக்கு முறையைவிட மிகுதியாக முடிவு செய்வது உணரிகளின் இடமே என்பதால், இந்தப் படிக்கு மற்ற எதையும்விடக் கூடுதலாக நேரம் செலவிடுங்கள்.

உருளையின் மையத்திலிருந்து பாய்வின் திசையில் ஒரு நடுக்கோடு வரைந்துகொள்ளுங்கள். சுழல்கள் செறிந்த பகுதி அதுதான் என்பதால், அக்கோட்டின் மீது நெடுக்குத் திசைவேகத்தை அளக்கும் உணரியை வைக்கத் தோன்றும். அந்த இடம் முதல் இரண்டு பாங்குகளுக்கும் குருட்டிடம். அப்பாங்குகளில் நெடுக்குத் திசைவேகம் நடுக்கோட்டின் ஒரு பக்கம் கூடும்போது மறுபக்கம் அதே அளவு குறைகிறது. எனவே கோட்டின் மீது அது எப்போதும் சுழிதான். அங்கே வைத்த உணரி அசைவே இல்லை என்று சொல்லாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. இடச் சுழலும் வலச் சுழலும் கடக்கும்போதெல்லாம் ஒன்றுபோலவே துடிப்பதால், அது 3 நொடிக்கு ஒருமுறை, அதாவது இரு மடங்கு அதிர்வெண்ணில் ஆடும். மூன்றாம், நான்காம் பாங்குகளின் துடிப்பு அது. கடந்து போனது இடச் சுழலா வலச் சுழலா என்பதை அந்த உணரி ஒருபோதும் சொல்லாது. அதே இடத்தில் குறுக்குத் திசைவேகத்தை அளந்தால், முதல் இரண்டு பாங்குகளும் 6 நொடித் துடிப்போடு தெளிவாகத் தெரியும். இடம் ஒன்றேயாயினும், எந்தக் கூறை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து உணரி குருடாகவும் கூரிய பார்வை உள்ளதாகவும் மாறுகிறது.

இரண்டு உணரிகளுக்கு இடையிலான தொலைவும் இதே அளவுக்கு முக்கியமானது. அடுத்தடுத்த ஒரே பக்கச் சுழல்களுக்கு இடையிலான தொலைவாகிய அலைநீளம், இந்த ரெனால்ட்ஸ் எண்ணில் ஏறத்தாழ 5 விட்டங்கள். உணரிகளை அரை அலைநீள இடைவெளியில் வைத்தால், ஒன்று கூடும்போது மற்றொன்று குறையும். பார்ப்பதற்கு இரண்டு தகவல்கள், உண்மையில் ஒன்றே. கால் அலைநீளம், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் விட்டம் விலக்கி வைத்தால், ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றொன்று சுழியைக் கடக்கும். இரண்டும் வெவ்வேறு செய்திகளைத் தரும்.

இதன் விளைவு எவ்வளவு பெரிது என்பதை விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட எண்களால் பார்க்கலாம். கால் அலைநீள அமைப்பில், முதல் உணரியின் அளவு முதல் கெழுவை 0.80-ஆலும் இரண்டாம் கெழுவை 0.10-ஆலும் பெருக்கிக் கூட்டியது என்றும், இரண்டாம் உணரியில் அப்பெருக்கிகள் முறையே −0.15, 0.70 என்றும் கொள்வோம். இவ்விரண்டு சமன்பாடுகளின் அணிக்கோவை 0.575. முதல் உணரியின் அளவில் 0.02 பிழை நேர்ந்தால், முதல் கெழுவில் 0.024 பிழையும் இரண்டாம் கெழுவில் 0.005 பிழையும் மட்டுமே ஏற்படும். இப்போது இரண்டாம் உணரியை ஏறத்தாழ அரை அலைநீளம் தள்ளி வைப்பதாகக் கொண்டு, அதன் பெருக்கிகளை −0.78, −0.12 என்று மாற்றுவோம். அணிக்கோவை −0.018 ஆகிவிடுகிறது. அதே 0.02 பிழை, முதல் கெழுவில் 0.13 ஆகவும் இரண்டாம் கெழுவில் 0.87 ஆகவும் வீங்கிவிடுகிறது. கருவிகள் மாறவில்லை, கணக்கு முறை மாறவில்லை. இடம் மாறியதால் மட்டுமே இரண்டாம் கெழுவின் பிழை நூறு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது.

பாங்குகள் இரண்டாக இருக்கும்போது இந்த இடங்களைச் சிந்தித்தே கண்டுவிடலாம். எட்டுப் பாங்குகளுக்கு அது இயலாது. அப்போது நிரல்களை இடம் மாற்றிச் செய்யும் கியூ-ஆர் பகுப்பு உதவுகிறது. கிருத்திகா மனோகரும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் இதை உணரிகளின் இடத்தேர்வுக்கான பொது முறையாக விளக்கினார்கள். அதன் உள்ளமைப்பு எளிது. ஒவ்வொரு புள்ளியிலும் எட்டுப் பாங்குகளின் மதிப்புகளை எட்டு எண்கள் கொண்ட ஒரு திசையனாகக் கருதி, மிக நீளமான திசையன் உள்ள புள்ளியில் முதல் உணரியை வைக்க வேண்டும். பிறகு, அந்தத் திசையனின் திசையிலுள்ள பகுதியை மற்ற எல்லாப் புள்ளிகளின் திசையன்களிலிருந்தும் கழித்துவிட்டு, எஞ்சியவற்றுள் மிக நீளமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் உணரி ஏற்கெனவே சொல்லிவிட்டதை மீண்டும் சொல்லும் இடங்கள் இவ்வாறு தாமாகவே பின்னுக்குப் போய்விடும். இம்முறையை ஓட்டும் முன், உணரியை உண்மையில் வைக்க முடிகிற இடங்களை மட்டும் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். ஒளியால் அளப்பவர்கள் நிழல் விழும் பகுதியில் உணரியை வைக்க முடியாது. கம்பி போன்ற உணரியை நீருக்குள் நுழைப்பவர்கள், அந்தக் கம்பியே சுழல்களைக் கலைத்துப் பாய்வை மாற்றிவிடும் என்பதால் உருளைக்கு மிக அருகிலுள்ள பகுதியையும் விலக்க வேண்டும்.

உணரிகளின் எண்ணிக்கை பாங்குகளின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு பாங்குகளுக்கு மூன்று உணரிகள் என்பது நல்ல தொடக்கம். மூன்றாவது இருந்தால்தான் மற்ற இரண்டும் தம்முள் முரண்படுகின்றனவா என்பதே தெரியவரும்.

கெழுக்களைக் கணித்தல்

உணரிகளின் அளவுகளிலிருந்து அந்தந்த இடத்துச் சராசரித் திசைவேகத்தைக் கழித்துவிட்டு, எஞ்சுவதைப் பாங்குகளின் கூட்டோடு மிக நெருக்கமாகப் பொருத்தும் கெழுக்களை மீச்சிறு வர்க்க முறையால் காண வேண்டும். அக்கெழுக்களால் முழுப் பாங்குகளையும் பெருக்கிக் கூட்டிச் சராசரியைச் சேர்த்தால், பாய்வு முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது. இதே கணக்கை எவர்சனும் சிரோவிச்சும் 1995-இல், சில பகுதிகள் அழிந்துபோன முகப் படங்களை மீட்டெடுக்கப் பயன்படுத்தினார்கள். முகத்தில் எஞ்சியிருக்கும் புள்ளிகளும், நீரில் வைத்த உணரிகளும் இந்தக் கணிதத்துக்கு ஒன்றே. கெழுக்கள் தாறுமாறாகத் துள்ளினால், பயிற்சிக் கணப்படங்களில் அவை இயல்பாக எவ்வளவு பரவியிருந்தன என்பதைக் கணக்கில் சேர்த்து, அளவு கடந்து செல்லும் கெழுவுக்குச் சிறு தண்டம் விதியுங்கள். ஆனால் துள்ளலைக் கண்டதும் உணரிகளின் இடத்தைச் சோதிப்பதே முறை. தண்டம் மதிப்பீட்டைச் சராசரியை நோக்கி இழுக்குமே தவிர, உணரிகள் பார்க்காததை வரவழைத்துத் தராது.

ஒரே ஓர் உணரி மட்டும் இருப்பவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. ஊசல் ஒன்று நடுவிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று மட்டும் தெரிந்தால், அது வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று சொல்ல முடியாது. சற்று முன்பு எங்கே இருந்தது என்பதும் தெரிந்தால் சொல்லிவிடலாம். அதுபோலவே, இப்போதைய அளவோடு கால் சுற்றுக்கு முந்தைய, அதாவது 1.5 நொடிக்கு முன்பு பதிந்த அளவையும் சேர்த்துக்கொண்டால், ஓர் உணரியே இரண்டு உணரிகளின் பணியைச் செய்யும். இந்த வழி, சுற்றுகள் ஒன்றுபோல் நிகழும் வரையில் மட்டுமே நம்பத்தக்கது.

காலத்தைச் சேர்த்தல்

ஒவ்வொரு கணத்தையும் தனித்தனியாக மதிப்பிடுவது, முந்தைய கணத்தில் அறிந்ததை வீணாக்குவதாகும். இரண்டு கெழுக்களையும் ஒரு தளத்தில் புள்ளியாகக் குறித்தால், சுழல்கள் சீராகப் பிரியும்போது அந்தப் புள்ளி ஒரு வட்டத்தின் மீது 6 நொடிக்கு ஒருமுறை சுற்றிவரும், 0.2 நொடிக்கு அது 12 பாகை நகரும். இயக்க மாதிரி இவ்வளவே: ஒவ்வோர் அடியிலும் புள்ளியை 12 பாகை சுழற்று. ருடால்ஃப் கால்மன் 1960-இல் தந்த வடிகட்டி, இந்தச் சுழற்சியால் வரும் முன்கணிப்பையும் உணரிகள் தரும் புதிய அளவையும், ஒவ்வொன்றின் நம்பகத்தன்மைக்கேற்ற எடையோடு கலந்து கொள்கிறது.

அந்த எடையை முடிவு செய்ய இரண்டு அளவுகள் தேவை. ஒன்று, மாதிரியின் முன்கணிப்பு எவ்வளவு வழுவக்கூடும் என்பது. மற்றொன்று, உணரியின் பிழை. இரண்டாவதைக் கருவியின் கையேட்டிலிருந்து எடுத்துப் போடுபவர்கள் அதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். உணரி சரியாகவே அளந்தாலும், அது அளப்பது முழுப் பாய்வையாகும். நம்மிடம் இருப்பதோ இரண்டு பாங்குகள். விட்டுவிட்ட பாங்குகள் அந்த இடத்தில் ஏற்படுத்தும் அசைவும் வடிகட்டியின் பார்வையில் பிழையே. பயிற்சியில் பயன்படுத்தாத கணப்படங்களை எடுத்து, இரண்டு பாங்குகளால் எழுத முடியாமல் எஞ்சும் பகுதி உணரியின் இடத்தில் எவ்வளவு என்று கண்டு, அதன் மாறுபாட்டைக் கருவியின் பிழை மாறுபாட்டோடு கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கருவியின் பிழையைவிட இதுவே பெரிதாக இருக்கும்.

வெப்பநிலையைத் தவறாமல் குறித்துவைக்க வேண்டும். காலையில் 20 பாகையாக இருந்த நீர் பிற்பகலில் 30 பாகையானால், பாகுநிலை நொடிக்கு 0.80 சதுர மில்லிமீட்டராகக் குறையும். நீரின் வேகத்தை மாற்றாமலே ரெனால்ட்ஸ் எண் 125 ஆகிவிடும். ரோஷ்கோவின் வாய்பாட்டின்படி ஸ்ட்ரூஹால் எண் 0.176 ஆகும், சுழல்கள் 5 விழுக்காட்டுக்கு மேல் விரைவாகப் பிரியும். பழைய 12 பாகையையே நம்பும் மாதிரி ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 19 பாகை பின்தங்கும்; உணரிகளின் திருத்தம் இல்லாமல் விட்டால் அரை நிமிடத்துக்குள் கால் சுற்றுப் பிசகி, சுழல் இல்லாத இடத்தில் சுழலைக் காட்டும். வடிகட்டி உணரிகளைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் இவ்வளவு மோசமாகாது என்றாலும், அதன் எஞ்சுபிழைகள், அதாவது முன்கணிப்புக்கும் உணரிகளின் அளவுக்கும் உள்ள வேறுபாடுகள், ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கும். அதற்குத் தீர்வு, சுழற்சி வேகத்தையும் மூன்றாவது அறியா எண்ணாக வடிகட்டிக்குள் சேர்ப்பது. அப்போது சமன்பாடு நேரியலாக இராது; ஒவ்வோர் அடியிலும் நேரியலாக்கிக் கொள்ளும் நீட்டிக்கப்பட்ட கால்மன் வடிகட்டியைப் பயன்படுத்த வேண்டும்.

சுழல் வரிசை நிலைபெற்ற பிறகு நிகழ்வதை மட்டும் மதிப்பிடுவோருக்கு இந்தச் சுழற்சி மாதிரி போதும். நீர் ஓடத் தொடங்கிச் சுழல்கள் மெல்ல வளரும் காலத்தையும் மதிப்பிட வேண்டுமானால், இரண்டு பாங்குகள் போதாது. ஏற்ற இறக்கம் வளர வளரச் சராசரிப் பாய்வே உருமாறுகிறது; அந்த மாற்றமே பின்னர் வளர்ச்சிக்குக் கடிவாளம் இடுகிறது. பெர்ன்ட் நோவாக்கும் அவருடைய குழுவினரும் 2003-இல் இதற்கென ஒரு பெயர்வுப் பாங்கைச் சேர்த்தார்கள். நிலையற்றதாயினும் சமன்பாட்டுக்குத் தீர்வாக உள்ள, காலத்தோடு மாறாத சீர்ப் பாய்வுக்கும், சுழல்கள் நிலைபெற்ற பிறகு காணும் சராசரிப் பாய்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு கட்டப்படுவது அது. அதைச் சேர்த்ததும் மூன்றே கெழுக்களால், சிறு அசைவாகத் தொடங்கி முழு வட்டத்தில் நிலைபெறும் வரையிலான பயணம் சரியாக அமைந்தது. அதைச் சேர்க்காத இரண்டு பாங்கு மாதிரியில் வளர்ச்சியை நிறுத்தும் பொறிமுறையே இல்லை.

சரிபார்த்தல்

பிழையை அளக்கும்போது ஏற்ற இறக்கத்தை மட்டும் ஒப்பிட வேண்டும். சராசரிப் பாய்வையும் சேர்த்துக்கொண்டு விழுக்காடு சொன்னால், கெழுக்கள் எல்லாவற்றையும் சுழியாக வைத்த மதிப்பீடுகூட நல்ல மதிப்பீடுபோல் தோன்றும். அந்தச் சுழி மதிப்பீட்டின் பிழையை முதலில் கணக்கிட்டு எழுதிவைத்து, உங்கள் முறை அதைவிட எவ்வளவு மேலானது என்று சொல்லுங்கள். ஒரே எண்ணாகச் சொல்வதோடு நிற்காமல், பிழையைப் புள்ளிவாரியாகப் படமாக வரைந்து பாருங்கள். சுழல்கள் உருவாகும் உருளையின் அருகிலும், உணரிகளிலிருந்து தொலைவான கீழ்ப்பகுதியிலும் பிழை எவ்வாறு வேறுபடுகிறது என்பது, அடுத்த உணரியை எங்கே வைக்கலாம் என்பதற்கும் விடையாக அமையும்.

சோதனைக் கணப்படங்களைப் பயிற்சிக் கணப்படங்களின் நடுநடுவே இருந்து பொறுக்கி எடுக்கக் கூடாது. 0.2 நொடி இடைவெளியில் அடுத்தடுத்த கணப்படங்கள் ஏறத்தாழ ஒன்றே என்பதால், அத்தகைய சோதனையில் எந்த மாதிரியும் தேறிவிடும். வேறொரு நாளில், வேறொரு முறை நீரை ஓடவிட்டுப் பதிந்த தொடரை முழுமையாகச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

முழுப் பாய்வும் கையில் இல்லாத உண்மையான பயன்பாட்டின்போது, உணரிகளில் ஒன்றை மறைத்துவைத்து, மற்றவற்றைக் கொண்டு அதன் அளவை மதிப்பிட்டு ஒப்பிடுவதே எஞ்சியிருக்கும் நேர்மையான சோதனை. மூன்று உணரிகளையும் முறைவைத்து மறைத்துப் பாருங்கள். அதோடு, கால்மன் வடிகட்டியின் எஞ்சுபிழைகளையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மாதிரியும் எடைகளும் பொருந்தியிருந்தால், அவை முன்பின் தொடர்பில்லாமல் சுழியைச் சுற்றிச் சிதறியிருக்கும். அவற்றில் 6 நொடித் துடிப்பு தெரிந்தால், சுழற்சி வேகமோ பாங்குகளின் வடிவமோ பொருந்தவில்லை என்று பொருள். 3 நொடித் துடிப்பு தெரிந்தால், விட்டுவிட்ட இரண்டாம் இணை உணரிகளில் தலைகாட்டுகிறது. மூன்றாம், நான்காம் பாங்குகளைச் சேர்த்து உணரிகளை இரண்டு கூட்டினால் அது மறையும். எந்தக் குறிப்பிட்ட துடிப்பும் இல்லாமல் எஞ்சுபிழையின் அளவு மட்டும் படிப்படியாகப் பெருகினால், கருவியில் தூசு படிந்திருக்கலாம், அல்லது ரெனால்ட்ஸ் எண் 190-ஐ நெருங்கிப் பாய்வு முப்பரிமாணமாகத் தொடங்கியிருக்கலாம். கருவியைத் துடைத்த பிறகும் பெருக்கம் நிற்கவில்லையென்றால், எடைகளைத் திருத்திக்கொண்டிருக்காமல், அந்தப் புதிய நிலையில் கணப்படங்களைச் சேகரித்துப் பாங்குகளை மீண்டும் முதலிலிருந்து கட்ட வேண்டும்.